போய்ச் சேராத குரல்

எங்கள் வீட்டுத் தொலைபேசியில் ஒரு விநோதம். இணையம் வழியாக ஊரிலிருந்து பேசுபவர்களின் குரல், பக்கத்து அறையில் இருப்பதுபோல் எனக்குத் தெளிவாகக் கேட்கும். பேராவூரணியில் அண்ணன் வீட்டுக் குக்கர் விசிலும், தெருவில் மீன்காரர் கூவிப்போவதும்கூடக் கேட்கும். நான் பேசுவது மட்டும் அவர்களுக்குத் துண்டு துண்டாகப் போகும். பல மாதங்கள் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அண்ணன் பேசுவார், நான் "உம்" கொட்டுவேன். ஒரு "உம்" உடைந்தால் யாருக்குத் தெரியும்?

அண்ணன் மகள் தேன்மொழிக்கு மலாக்காவிலிருந்து வரன் வந்தபோதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை என் வீட்டுக்காரருக்குத் தூரத்து உறவு, இங்கே டுரியான் துங்காலில் இருப்பவர். "நீ அங்க இருக்கிறவ. நீ சரின்னு சொன்னா வர்ற முகூர்த்தத்துல தட்டு மாத்திடலாம்" என்றார் அண்ணன். நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் குறுக்கிட்டார். "என்னம்மா, விட்டு விட்டு வருது. அழுவுறியா?" இல்லை என்றேன். அந்த 'இல்லை'யும் முழுதாகப் போகவில்லை போலும். பாவம், விடுங்க என்று அண்ணி பின்னாலிருந்து சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

எழுதியோ, பதிவு செய்தோ அனுப்பலாமே என்பீர்கள். எங்கள் குடும்பத்தில் அப்படி அனுப்புவதெல்லாம் கைமாறிக் கைமாறி மாப்பிள்ளை வீட்டுக்கே போய்விடும். நான் சொல்ல வேண்டியதைத் தேன்மொழியின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். சிம் கார்டு டேட்டாவில் பேசினால் குரல் உடைவதில்லை. ஆனால் நாங்கள் இருக்கும் குருபோங்கில், எங்கள் வரிசை வீட்டுக்குள் அந்த சிக்னல் வராது. தெருமுனைப் பூப்பந்துத் திடலுக்குப் போக வேண்டும். அங்கே எந்நேரமும் ஆள் இருக்கும். எனக்கு வாய் வராது. ஒன்று மட்டும் புரிந்தது: கோளாறு போனில் இல்லை, வீட்டு இணையத்தில்தான்.

புகார் செய்ததும் மலாய் இளைஞர் ஒருவர் வந்தார். என் போனில் ஒரு படத்தை ஓடவிட்டு, "லாஜு லா, கக்" என்றார். வேகமாகத்தான் இருக்கிறது அக்கா என்று அர்த்தம். எனக்குக் கேட்கிறது, அவர்களுக்குத்தான் கேட்கவில்லை என்று என் கடைத்தெரு மலாயில் சொன்னேன். அப்படியானால் கோளாறு இந்தியாவில் என்றார் சிரித்துக்கொண்டே. கோளாறு மலேசியாவில் என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த இளைஞரின் திரையில் ஒரு பெரிய எண்ணும் ஒரு சிறிய எண்ணும் இருந்தன. பெரியதை மட்டுமே காட்டினார். சிறியது என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அது வீட்டிலிருந்து வெளியே அனுப்புவதற்கான வழி, உங்களுடையது பழைய திட்டம், அதனால் குறுகல்; சாதாரண வீட்டில் யார் எதை அனுப்பப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்தச் சிறிய எண் என்னை விடவில்லை. உள்ளே வருவதற்கு அகலப் பாதை, வெளியே போவதற்கு ஒற்றையடிப் பாதை. இப்படி ஒரு வீட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், ரப்பர் தோட்டத்து உறவுகள் கூடும்போது அவர்கள் பேசுவது எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. காலையில் சாப்பிடுவதைப் பசியாறுவது என்பார்கள், சந்தையைப் பாசார் என்பார்கள். ஆனால் நான் வாய் திறந்தால், "இந்தியாக்காரி பேச்சக் கேளு லா" என்று சிரிப்பார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டு அதையே திரும்பச் சொல்லச் சொல்வார்கள். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். புறப்படுமுன் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தேன்மொழியிடம் நான் சொல்ல நினைத்தது இதைத்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம், வீட்டுக்காரர் செங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தார். தேன்மொழியை அழைத்து, நான் ஊர்ப் பெயர்களாகச் சொல்கிறேன், கேட்பதை அப்படியே திருப்பிச் சொல் என்றேன். செங், குருபோங், டுரியான் துங்கால். அவளுக்குப் பாதி பாதியாகத்தான் போனது. வேறு எதுவும் அந்த வழியில் போகிறதா என்று பார்க்க டிவியை அணைத்தேன், மாற்றமில்லை. கணினியை அணைத்தேன், இல்லை. மிச்சம் இருந்தது வாசல் கேமரா. அடுத்த வரிசையில் மோட்டார் சைக்கிள் களவு போனதும் வீட்டுக்காரர் மாட்டியது. அவர் தொழிற்சாலையிலிருந்தே பார்த்துக்கொள்ளும்படி அது நாள் முழுக்க எங்கள் வாசலை அனுப்பிக்கொண்டிருந்தது. நாலு செருப்பு, ஒரு துளசிச் செடி, மூடிய கேட். என் பேச்சு போக வேண்டிய வழியை அடைத்துக்கொண்டு அவைதான் போய்க்கொண்டிருந்தன. பிளக்கைப் பிடுங்கினேன். செங், குருபோங், டுரியான் துங்கால். மூன்றும் முழுசாகத் திரும்பி வந்தன.

கோளாறு தீர்ந்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். இனி நான் பேசியாக வேண்டும்.

"இங்க யாரும் உன்னக் கொடுமை பண்ண மாட்டாங்க" என்றேன். "ஆனா கொஞ்ச வருஷத்துக்கு நீ வாயத் திறந்தா சிரிப்பாங்க. அந்தப் பையன்கிட்ட நீயே பேசிப் பாரு. நீ பேசுறப்ப கேக்குறானா, சிரிக்கிறானான்னு கவனி."

அவள் குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "மாமா சிரிச்சாங்களா அத்தை?"

"இல்ல. மாமா மட்டும் சிரிக்கல. அதான் இருக்கேன்."

அதற்குள் அவரே இரண்டு மூன்று தடவை அழைத்துவிட்டார். தேன்மொழியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

"வாசலக் காணோமே, கரண்டு இல்லையா?"

"நான்தான் புடுங்கினேன். ஊருக்குப் பேசிக்கிட்டு இருக்கேன்."

"பேசி முடிச்சிட்டியா?"

"இல்ல."

"அப்ப பேசு லா. வாசல் எங்க போவப் போவுது."

தேன்மொழி அப்பாவிடம் அவகாசம் கேட்டிருக்கிறாள். அந்தப் பையனோடு அவளே பேசுகிறாள். தட்டு இன்னும் மாற்றவில்லை. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், இந்தத் தடவை முடிவு அவளுடையது.

எல்லாச் சனிக்கிழமையும் மதியம் பிளக்கைப் பிடுங்குகிறேன். என் குரல் பேராவூரணிக்கு முழுசாகப் போகிறது. அதே நேரம் செங்கில், வீட்டுக்காரரின் போனில் எங்கள் வாசல் கறுத்துப்போகிறது. என்ன ஆச்சு என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால் அவர் சொல்வாராம்: "வூட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கா. கொஞ்ச நேரத்துல வந்துருவா."