ராணி வைத்த சலாம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட விழா நாடகத்தில் ராணி வேடம் என்றால் அது, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் மகளுக்குத்தான். அந்த வருடம் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மன் புண்ணியத்தில் வேடம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளையான எனக்கு வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தன் சீமையை விட்டு விரட்டிய ராணி. யாழ்ப்பாணத்து டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ராணி ஒருத்தருக்கும் குனியமாட்டா, விளங்குதோ? நீ பிழை விட்டா, லயத்துப் பிள்ளையளுக்கு இதெல்லாம் ஏலாது எண்டு சொல்லிப்போடுவினம்."

அம்மா மலை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். கொழுந்து பறிக்கிற பெண்கள் என்னைக் கண்டாலே, "ராணியம்மா, தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேலி செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோளாறு என் மாமா வழியாக வந்தது. அவருக்குத் துரை பங்களாவில் சமையல் வேலை. வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலமாகியும் தோட்டத்து மேலாளரை நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். எதிரே வந்தால் ஒதுங்கி நின்று சலாம் வைப்போம். நடக்கப் பழகும்போதே அதுவும் பழகிவிடும். நாடகத்தில் வெள்ளைக்காரத் தளபதியாக நடித்தது மாமாவின் மகன், எனக்கு முறைப்பையன், சரியான மூக்கொழுகி. மகன் எடுப்பாக இருக்கட்டுமே என்று, துரை கழித்துப்போட்ட தொப்பியையும் அரைக்காற்சட்டையையும் முழங்கால் வரை ஏறும் காலுறையையும் விழாவன்று கொண்டுவந்து மாட்டிவிட்டார் மாமா. எனக்கு யாரும் சொல்லவில்லை.

திரை விலகியது. முன் வரிசையில் துரை. நான் அட்டை வாளை உயர்த்திக்கொண்டு நிற்கிறேன். தளபதி உள்ளே வந்தான். அந்தத் தொப்பியைக் கண்டதும் வாள் தானாக இறங்கியது. ஓரமாக ஒதுங்கி, நெற்றியில் கை வைத்து, "சலாங்க தொர" என்றேன்.

கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. துரையும் சிரித்தார். தளபதி, பழக்கமில்லாத மரியாதையில் திகைத்துப்போய், பதிலுக்கு எனக்கு ஒரு சலாம் வைத்தான். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெண்கள் கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து நின்றாள். "ராணி எதுக்குடி சலாம் வைக்கணும்? கைய எறக்கு," என்றாள். சத்தம் போடவில்லை. ஆனாலும் சிரிப்பு நின்றுபோனது. துரை திரும்பிப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து அப்பா எட்டி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அம்மா உட்காரவில்லை.

நான் கையை இறக்கினேன். வசனமெல்லாம் மறந்துபோனது. வாளை எடுத்துக்கொண்டு முறைப்பையனைத் துரத்தினேன். அவன் மேடையிலிருந்து குதித்து, கொட்டகையைச் சுற்றி ஓடி, காலுறை நழுவ மாமா காலடியில் போய் விழுந்தான். அப்படி ஒரு கைதட்டல். யாரோ போனில் பிடித்த அந்தப் படத்தை மாமா இன்றைக்கும் விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார். அடுத்த வருடமும் ராணி லயத்திலிருந்துதான் போனாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அம்மாவோடு நின்றேன். துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெண்கள் எல்லாரும் நெற்றிக்குக் கையை உயர்த்தினார்கள். அம்மா உயர்த்தவில்லை. அவரை நேராகப் பார்த்து, "வணக்கங்க," என்றாள். துரை ஒரு கணம் நின்றார். பிறகு அவரும் "வணக்கம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பாவம் அம்மா, கூடை கனத்தில் கையைத் தூக்க முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். காலையில் எல்லாருடைய கூடையும் காலியாகத்தான் இருக்கும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.