எஞ்சினில் விளைந்த உப்பு

“திறந்து பாக்கறதே வேஸ்ட் அண்ணாச்சி. எஞ்சினையே மாத்துங்க. இல்லன்னா இரும்புக் கடைக்குப் போட்டுருங்க.”

போன வாரம் ஒர்க் ஷாப்காரர் சொன்ன தீர்ப்பு இது. பானெட்டைத் தூக்கினார், புகையைப் பார்த்தார், மூடினார். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

என் காருக்கு வயதாகிவிட்டது. இரண்டு நாளாக வெள்ளைப் புகை கக்கியது, ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. எல்லாம் சரி. ஆனால் அந்தக் கார் இல்லையென்றால் என் மனைவி ஜெசிந்தாவுக்கு வியாபாரம் இல்லை. எங்கள் கடலோரத் தருவைகுளத்திலிருந்து கரிசல் ஊர்ச் சந்தைகளுக்குக் கருவாடு கொண்டுபோகிறாள். கருவாட்டுக் கூடையை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? சனிக்கிழமை சந்தையை ஒரு வாரம் விட்டால் போதும் — அவள் இடத்தில் வேறு ஆள் சாக்கு விரித்துவிடும்.

“நானே திறந்து பாக்கேன்” என்றேன்.

“ஒங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

உப்பளத்தில் உப்பு வாரியிருக்கிறேன். லாரியில் கிளீனர். மீன்பிடி வள்ளத்தில் எஞ்சின் டிரைவர். எங்கேயும் சர்ட்டிபிகேட் தரவில்லை.

“தெரியாதுன்னு இதுவரைக்கும் எவனும் சொல்லலயே” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் ஜெசிந்தாவின் தம்பி அந்தோணி வந்தான். அவனும் வள்ளத்தில் எஞ்சின் ஓட்டுகிறவன்தான். இருவருமாக எஞ்சினுக்கு மூடிபோல இருக்கும் ஹெட்டைத் தூக்கிச் சாக்கில் வைத்தோம். அதன் அடியில் இருக்கும் கேஸ்கட் ஒரு இடத்தில் கருகியிருந்தது. அதைவிட மோசம்... தண்ணீர் ஓடும் துளையெல்லாம் வெள்ளை வெளேர்!

அந்தோணி சுரண்டி நாக்கில் வைத்தான்.

“அத்தான், ரேடியேட்டர்ல என்ன தண்ணி ஊத்துனிய?”

“நம்ம போர் தண்ணிதாம்ல.”

“ஏக்கா, இங்கன வா! அளத்துல வாருனது பத்தாதுன்னு அத்தான் எஞ்சினுக்குள்ள உப்புப் பாத்தி கட்டியிருக்காவ!”

எங்கள் போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். வள்ளத்து எஞ்சினைக் கடல் தண்ணீர்தான் குளிர வைக்கும். அந்தப் பழக்கத்தில், உப்பு எஞ்சினை என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். ஆனால் கடல் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வெளியேறிவிடும். காரில் அதே தண்ணீர் கிடந்து கொதிக்கும், வற்றும். வற்ற வற்ற நான் இன்னும் ஊற்றுவேன். உப்பு விளைவதற்கு வேறென்ன வேண்டும்? வருஷக்கணக்கில் உப்பு வாரியவனுக்கு இது உறைக்கவில்லை!

சரி, எதையெல்லாம் மாற்றுவது?

“திறந்தது திறந்தாச்சு. ரிங்கு, பிஸ்டன், லைனர்... எல்லாத்தையும் கையோட மாத்திருவோம்” என்றான் அந்தோணி.

இந்தக் ‘கையோட’ ஆபத்தான வார்த்தை. ஒரு ஓடு மாற்றப் போனவனை வீட்டையே இடிக்க வைத்துவிடும்.

“ஏலே, ஆயில் குச்சியப் பாரு. தண்ணி கலந்துருக்கா?”

“இல்ல.”

“பிஸ்டன் ஓடுத லைனர்ல நகத்த வச்சு இழு. கோடு தட்டுதா?”

“இல்ல.”

“பெறவு எதுக்குல மாத்தணும்?”

“நடுவழியில நின்னா?”

“நான் தள்ளுதேன்.”

“கருவாட்டோட தள்ளணும், பாத்துக்கிடுங்க” என்றாள் ஜெசிந்தா.

உப்பு தின்றதை மட்டும் மாற்றினோம் — கேஸ்கட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள். ரேடியேட்டரைக் கழுவினோம். ஹெட்டின் அடிப்பக்கம் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது; சூட்டில் வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்துச் சமமாகச் சீவி வாங்கினோம். ஆயில் பட்ட பக்கம் கை வைக்கவில்லை.

உள்ளுக்குள் பயம்தான். எல்லாவற்றையும் மாற்றியவனை யாரும் குறை சொல்வதில்லை. ‘இது இருக்கட்டும்’ என்று விட்டவன்தான் மாட்டிக்கொள்வான். ஆனால் நல்லா இருக்கிற இரும்பைப் பயத்துக்காகத் தூக்கி எறிய வேண்டுமா என்ன?

சனிக்கிழமை விடிகாலை. கூடைகளை ஏற்றிச் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. சந்தை போய்ச் சேரும்வரை ஹீட் முள் நடுவை விட்டு அசையவில்லை.

ஜெசிந்தா தன் இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

“சத்தம் முன்னைக்கு இப்பம் கூடத்தான் இருக்கு. இருக்கட்டும்... கருவாட்டு வாசத்துக்கு முன்னாடி நாம வாறது ஊருக்குத் தெரியுமில்லா!”

எதை மாற்றணும் என்று, திறந்து பார்த்தவன் சொல்லட்டும். மற்றவர்கள் எங்கள் கார் சத்தம் கேட்டு ஒதுங்கட்டும்.