முக்காட்டுக்குள் ஒரு காது

இந்தோனேசியாவின் சுரபாயா ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் டாக்டர் வுலந்தாரி ஒரு பெங்குவாங் கிழங்கில் காது செதுக்கிக்கொண்டிருந்தாள். அது முப்பத்தொன்றாவது காது. வேறு ஊர்களில் பன்றி விலாவின் குருத்தெலும்பில் பழகுவார்கள். இங்கே அதை யாரும் தொடமாட்டார்கள். மாட்டு விலா தடிமன், ஆட்டு விலா ஒல்லி. வெள்ளை வெளேரென்ற இந்தக் கிழங்குதான் கத்திக்குச் சரியாக இருந்தது. சொதப்பினால் காரப் பாகில் தொட்டுத் தின்றுவிடலாம்.

நாளை தின்ன முடியாது. பதினொரு வயது கினாசிக்குப் பிறவியிலேயே வலது காது இல்லை. அவளுடைய விலாவிலிருந்தே குருத்தை எடுத்து, காதாகச் செதுக்கி, தோலுக்கடியில் வைக்கவேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பயிற்சியாளர் பக்கத்தில் நிற்பார். கத்தி வுலந்தாரி கையில். நாளை மறுநாள் அவர் கிளம்புகிறார்.

துறைத் தலைவர் மார்ஜோனோ உள்ளே வந்தார்.

“நாளைக்கு அந்தப் பொண்ணு வேண்டாம். பத்தாம் கட்டில் பையனுக்குப் பண்ணு.”

“ஏன் பாக்?” இங்கே ‘ஐயா’வைப் ‘பாக்’ என்பார்கள்.

“அவ முக்காடு போடுறவ. காது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? யார் பாக்கப்போறா? பையன்னா நாலு பேர் கண்ணுல படும்.”

“நானும்தான் முக்காடு போடுறேன் பாக். என் காதை அறுத்துக் குடுத்துடட்டுமா?”

“வாய் நீளுது. லிஸ்ட் போடுறது நான்.”

“போடுங்க. அவகிட்டயும் நீங்களே வந்து சொல்லுங்க.”

வார்டுக்குச் சொல்லப் போனார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். கினாசி அவரையே பார்த்தாள்.

“வீட்டுல நான் முக்காடு போடுறதில்ல பாக். மூக்குக்கண்ணாடி நிக்கணும்னா ரப்பரால தலையைச் சுத்திக் கட்டிக்கணும். நீங்க ஒரு காதுல மட்டும் மாட்டி நடங்க, பாப்போம்.”

“சும்மா இருடி!” அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள்.

மார்ஜோனோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கண்ணாடியை ஒரு காதில் மாட்டிக்கொண்டு நடந்தார். மூன்றாவது எட்டில் அது நழுவிப் பக்கத்துக் கட்டில்காரியின் கோழி சூப்பில் விழுந்தது. வார்டே சிரித்தது. அவர் கண்ணாடியில் ஒட்டிய மஞ்சள் சூப்பைத் துடைத்தார்.

“பிள்ளையைக் கிள்ளாதம்மா,” என்றார். பிறகு வுலந்தாரியிடம், “நாளைக்கு இவளுக்கே பண்ணு. இது கிழங்கு இல்ல. கெடுத்தா இன்னொண்ணு வாங்க முடியாது.”

“தெரியும் பாக்.”

“அந்தப் பையன்?”

“அடுத்த மாசம் நானே பண்றேன். கத்துக்கிறது அதுக்குத்தானே?”

மறுநாள் காலை ஏழரைக்குக் கினாசியின் விலாவிலிருந்து மூன்று துண்டு குருத்து வெளியே வந்தது. இடது காதின் வடிவத்தை வரைந்தெடுத்த எக்ஸ்ரே ஃபிலிமைத் திருப்பி அச்சாக வைத்து வுலந்தாரி செதுக்கினாள். விளிம்பை வளைக்கும்போது பயிற்சியாளரின் கை கத்தியை நோக்கி ஒருதரம் நீண்டது. அவள் முழங்கையை அகட்டிக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். மெல்லிய கம்பியால் துண்டுகளைக் கட்டி, தோலுக்கடியில் நுழைத்துத் தைத்து, உறிஞ்சு குழாயைப் பொருத்தினாள். தோல் மெல்லப் படிந்தது. மடிப்பு மடிப்பாகக் காது எழுந்து வந்தது.

“கட்டுத்துணி,” என்று கையை நீட்டினாள் வுலந்தாரி.