ஐந்து நிமிடம் ஓடிய ஸ்னோபுளோவர்

வாசல் பனியை அள்ளி வீசும் ஸ்னோபுளோவரின் பழைய ஒயிலை வடிப்பதற்கு முன் இயந்திரத்தை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். அதைக் கராஜுக்குள் செய்யக்கூடாது என்கிறது கையேடு. ஆகவே இன்று காலை, நல்ல ஒக்டோபர் வெயிலில், வாசலில் நிறுத்தி ஓடவிட்டேன்.

எதிர்வீட்டு நேசன் அண்ணை விரைந்து வந்தார்.

"என்ன தம்பி, ஸ்னோ வரப்போகுதோ?"

"இல்லை அண்ணை, ஒயில் மாத்திறன்."

"எனக்கு ஒளிக்காதையும். நீர் காரணமில்லாமல் ஒண்டும் செய்யிற ஆளில்லை."

ஒயில் வடிந்து முடிவதற்குள் அவருடைய கறிவேப்பிலைச் செடி வீட்டுக்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டில் காருக்குக் குளிர்கால ரயர் மாட்டினார்கள்.

பிறகு மனைவி தொலைபேசியுடன் வந்தார்.

"விட்பி ரவுணில இருந்து அக்கா எடுத்தவ. நாளைக்கு ஸ்னோவாம், எங்கட றோட்டில எல்லாருக்கும் தெரியுமாம். நீங்கள் என்னெண்டா இருந்த ஒயிலையும் இறக்கிப்போட்டு நிக்கிறியள்!"

அந்தச் செய்தி என்னிடமிருந்தே புறப்பட்டது என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை.

வானிலை அறிக்கையை மூன்று முறை பார்த்தேன். பதினெட்டுப் பாகை, தெளிந்த வானம்.

ஆயினும் புதிய ஒயிலைச் சற்று அவசரமாகவே ஊற்றினேன். எங்கள் கறிவேப்பிலையும் இப்போது வரவேற்பறையில் நிற்கிறது.

விட்பியில் உள்ளவர்கள் தயவுசெய்து வெளியே எட்டிப் பார்த்துச் சொல்லவும்.