ராணியைப் பூமிக்குள் இறக்குவது

ஒரு ராணியைச் சத்தமில்லாமல் பூமிக்குள் இறக்க எந்தப் பொறி தோது என்று என் மாமா மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மில்லில் ஃபிட்டராக இருந்து, மேஸ்திரியை முறைத்துக்கொண்டு நாடகக் கம்பெனிக்கு வந்தவர். ராணி, என் அண்ணன். பதினாறு வயது, பதினேழு ஆகவில்லை. கம்பெனி வீட்டிலேயே இருந்தான். அவன் அனுப்பிய சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. கொதித்ததைத் தின்று தீர்க்கும் உத்தியோகம் என்னுடையது.

நாடகத்தின் முடிவில், புருஷனால் சந்தேகிக்கப்பட்ட ராணி பூமாதேவியைக் கூப்பிட, தரை பிளந்து அவளை வாங்கிக்கொள்ள வேண்டும். பேசும்படம் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்த காலம். அந்த ஒரு காட்சியை நம்பித்தான் செல்லூர்க் கொட்டகை நிறைந்தது. முதலில் ராட்டினம் கட்டிக் கயிற்றில் இறக்கினார் மாமா. ராணி கிணற்று வாளிபோலக் குலுங்கிக் குலுங்கிப் போனாள். அடுத்தது, லாரி தூக்கும் ஜாக்கி. குலுக்கல் இல்லை, ஆனால் ராணி இடுப்பளவு இறங்குவதற்குள் பாதிச் சனம் பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டது.

கடைசியில்தான் சரியானது வாய்த்தது. மேடைக்கடியில் ஒரு கப்பி. கயிற்றின் ஒரு முனையில் அண்ணன் நிற்கும் பலகை, மறுமுனையில் மணல் மூட்டை. மூட்டை ஒரு பிடி எடை குறைவு. பலகையைப் பிடித்திருக்கும் ஆப்பை உருவினால் ராணி தன் பாரத்திலேயே மெல்ல இறங்குவாள்.

இதற்காக வாராவாரம் அண்ணனை விறகுக்கடைத் தராசில் ஏற்றினார்கள். வாராவாரம் மாமா மூட்டையிலிருந்து மணலை அள்ளி வெளியே கொட்டினார்.

"என்ன மாப்ள, இம்புட்டுக் கொறஞ்சுட்ட?"

"இப்பிடியே போனா பூமாதேவி வேணாம் மாமா, மேலதான் போகணும்" என்று சிரித்தான் அண்ணன். சிரிப்பு இருமலில் போய் நின்றது. "அம்மாட்ட சொல்லிறாதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும். அப்பறம் சோத்துக்கு என்ன பண்ணும்?"

ராணி வேஷம் போடப் போட உடம்பு தேவ உடம்பாகி எடை போய்விடுகிறது என்பது என் சித்தாந்தம். தராசில் என்னை ஏற்றிப் பார்த்தபோது எனக்கு அப்படி எந்த யோகமும் இல்லை என்று தெரிந்தது.

ஒரு வாரம் அண்ணன் காய்ச்சலில் கிடந்தான், நிறுவை நடக்கவில்லை. டிக்கெட் விற்றாகிவிட்டதென்று கம்பெனிக்காரர் அவனை எழுப்பி வேஷம் கட்டவைத்தார். பிள்ளை வீட்டுப் பக்கமே வரக் காணோமே என்று அன்றைக்குத்தான் அம்மாவும் முதல்முறையாக நாடகத்துக்கு வந்திருந்தாள்.

"தாயே, என்னை ஏற்றுக்கொள்!" என்று ராணி கைகூப்பினாள். கீழே ஆப்பை உருவினார்கள். ராணி இறங்கவில்லை. கூப்பிய கையோடு நின்றாள்.

"பூமாதேவி கதவச் சாத்திட்டாடா!" என்றது ஒரு குரல்.

"நாளைக்கு வா தாயி, இன்னைக்கு எடமில்ல!" என்றது இன்னொன்று. கொட்டகை அதிர்ந்தது.

"ஏன்டா எறங்கல?" என்று அம்மா என் கையைப் பிடித்தாள்.

விஷயம் தெரிந்தவன் என்ற தோரணையில் விளக்கினேன். "அண்ணனுக்கு எடை பத்தலம்மா. வாராவாரம் கொறையும், மாமா மண்ணை எடுப்பாரு. இந்த வாரம் எடுக்கல."

மேடைக்கடியில் மாமா மூட்டையைக் கிழித்திருக்க வேண்டும். மணல் சரிகிற சத்தம் முன்வரிசையில் இருந்த எங்களுக்குக் கேட்டது. ராணி இறங்கத் தொடங்கினாள். சிரித்த கூட்டம் அடங்கியது. சுற்றிலும் பெண்கள் வழக்கம்போல மூக்கைச் சிந்தினார்கள். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாக அழுதாள்.

நாடகம் ரசிக்கத் தெரியாதவள் என்று அவளைப் பற்றி எனக்கு ஒரு குறை இருந்தது. அன்றைக்கு அது தீர்ந்தது.