ஐந்தாவது கொக்கி

பிளாஸ்டிக் குழாயை நெருப்பில் காட்டினால் எழும் வாடை முதலில் மூக்கைக் குத்தும், பிறகு தொண்டைக்குள் லேசான கசப்பாக இறங்கி அங்கேயே நின்றுவிடும். இப்போதும் கோவையில் எங்காவது ஒரு புதுக் கட்டடத்து வாசலில் பிளம்பர் குழாயைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தால் நான் சாலையின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். இத்தனைக்கும் ஒரு கோடை விடுமுறையில் அந்த வாடையை ஆசை ஆசையாக இழுத்தவன் நான்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில் அப்பா வேலை பார்த்தார். சொட்டுநீர்க் குழாய் பதிப்பது, அடைப்பு எடுப்பது, மோட்டார் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தோப்புக்காரரை எங்கள் சனம் 'பண்ணாடி' என்றுதான் கூப்பிடும். அவர் மனைவியை நான் 'அம்மா' என்பேன், அவர் என்னைக் 'கண்ணு' என்பார். அவர்கள் மகன் கௌதமுக்கும் எனக்கும் ஒரே வயது, பள்ளிக்கூடம்தான் வேறு. விடுமுறை வந்துவிட்டால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இரண்டு பேரும் ஒன்றாகவே கிடப்போம், தோப்புக் கிணற்றில் ஒன்றாகக் குதிப்போம். குளித்து முடித்தபின் அவன் தன் தங்கை நிவேதாவுடன் வீட்டுக்குள் போவான், நான் வாசலில் நின்று வெயிலில் காய்வேன். அந்த வீட்டில் யாரும் என்னை உள்ளே வராதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. மோட்டார் ரூம் சுவர் இடுக்கில் செருகியிருந்த டம்ளர்தான் எங்களுக்குக் காப்பி குடிக்க என்பதையும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நடக்கப் பழகியபோதே இதையும் பழகியிருந்தேன்.

அந்தக் கோடையில் மாடியில் பிள்ளைகளுக்கென்றே வெள்ளை டைல்ஸ் போட்ட குளியலறை ஒன்று கட்டினார்கள். திருப்பூரிலிருந்து கௌதமின் சித்தி பிள்ளைகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நான்கு பேரின் துண்டும் ஒரே கதவின்மேல் குவிந்து, தினமும் அடிதடி. "ஏனுங்கம்மா, இவன் என்ற துண்டுல மூக்கைத் தொடைச்சுப்போட்டான்!" என்று நிவேதா கத்துவது கிணற்றடிவரை கேட்கும். ஒருநாள் அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏங் கண்ணு, கடையில கொக்கி ஆனை வெலை சொல்றானுங்க. உங்கப்பன் வெட்டிப்போட்ட குழாய்த் துண்டு கெடக்குதே, அதுல என்னமாச்சும் பண்ண முடியுமான்னு பாரு. ஆளாளுக்குப் பேர் எழுதிப்போட்டா இந்தச் சண்டை ஓயும். உன்ற எழுத்துத்தான் முத்து முத்தா இருக்குமே."

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது.

குழாய் நசுங்காமல் வளைய வேண்டுமென்றால் உள்ளே மணலை நிரப்பிச் சூடுகாட்ட வேண்டும் என்பதை அப்பாவைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். தென்னமட்டைத் தீயில் சாண் நீளத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாட்டி, கடப்பாரையின் மேல் சுற்றி, கீழ்முனையை மூக்குப்போல மேலே திருப்பினேன். மணலைக் கொட்டிவிட்டு மேல்முனையை மறுபடி வாட்டிச் செங்கல்லால் அழுத்தினால் அது வெற்றிலைபோலத் தட்டையாகும். திருகு போட ஓர் ஓட்டை, பேர் எழுத ஓர் இடம். நிவேதாவின் நகப்பூச்சைக் கடன் வாங்கி நான்கு பேர்களையும் சிவப்பில் எழுதி முடித்து ஊதிக்கொண்டிருந்தபோது கௌதம் பக்கத்தில் வந்து குந்தினான்.

"உனக்கு ஒண்ணு பண்ணலையாடா?"

"எனக்கெதுக்குடா?"

"கெணத்துல ஒண்ணாத்தானே குதிக்கறோம்? நாங்க மேல போயி நல்ல தண்ணி ஊத்திக்கறப்ப நீ மட்டும் கீழ நின்னு கொரங்காட்டம் காஞ்சிட்டிருக்கே. மேல வாடா. எழுது உன்ற பேரை. எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

இன்னொரு துண்டை வாட்டி வளைத்து நான் எழுதினேன். மாரிமுத்து. மற்ற நான்கையும்விடக் கொஞ்சம் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

அப்பா டிரில்லிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற, கொக்கிகளை மடியில் கட்டிக்கொண்டு நானும் ஏறினேன். வேலைக்கென்று ஏறினால் அந்தப் படிகள் எங்களை ஒன்றும் சொல்லாது. ஐந்தையும் வரிசையாகப் பொருத்தி முடித்ததும் அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இதுல உன்ற பேரு எதுடா?" ஜன்னலை ஒட்டியிருந்த கடைசிக் கொக்கியைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். மகனின் பெயரைச் சுவரில் பார்த்த பெருமை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கிணற்றிலிருந்து ஏறி, வெளுத்த ஈரிழைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அவர்கள் மாடிக்கு ஓடிவிட்டார்கள். படியடியில் அம்மா நின்றிருந்தார்.

"நீ எதுக்குச் சாமி மேல ஏறி இறங்கிச் சிரமப்படறே? உன்ற கொக்கியைக் கீழயே, மோட்டார் ரூமுக்கு வெளியால மாட்டச் சொல்லிட்டேன். உனக்குத் தனியா, வசதியா இருக்கும்ல? போ கண்ணு, போய்த் தலையைத் துவட்டு, சளி புடிச்சுக்கும்."

அந்தக் குரலில் துளி கோபம் இல்லை. திட்டியிருந்தாலாவது திரும்ப ஏதாவது சொல்லியிருப்பேன். நான் அண்ணாந்து பார்த்தேன். மாடிக் கைப்பிடியைப் பிடித்தபடி கௌதம் நின்றிருந்தான். சொல்லிக்கொள்வதாகச் சொன்னவன், இப்போது சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவன் பக்கத்தில் நின்ற திருப்பூர்ப் பையனை ஒருமுறை பார்த்தான், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "உனக்குத்தான்டா பெரிய பாத்ரூம். தோட்டம் பூராவும் உன்றதுதான்!" எல்லாரும் சிரித்தார்கள்.

மோட்டார் ரூமுக்கு வெளியே, மாட்டுக் கயிறுகள் தொங்கும் சுவரில் என் கொக்கி இருந்தது. அப்பா உள்ளே ஏதோ திருகிக்கொண்டிருந்தார்.

"நீயா கழட்டுனே?"

"ம்."

"சுவத்துல ஓட்டை இருக்குமே?"

"வெள்ளைச் சிமெண்டு வெச்சு அடைச்சுட்டேன். தெரியாது."

"ஏம்ப்பா?"

அவர் திரும்பவில்லை. "கழட்டறதுன்னு ஆயிப்போச்சு. வேத்தாளு வந்து கழட்டி உன்ற பேரைத் தூக்கி வீசறதுக்கு, நானே கழட்டிட்டு வந்துடலாம்னு பார்த்தேன்."

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஐந்தும் ஒரே குழாய், ஒரே சிவப்பு. எதைக் கழற்ற வேண்டுமென்று அவருக்கு விரல் நீட்டிக் காட்டியது நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. கௌதமின் மீது இருந்ததைவிட அப்பாவின் மீதுதான் எனக்கு அதிகக் கோபம் இருந்தது. அது தீர வெகுகாலம் ஆனது. அதன்பிறகு நான் அந்தக் கிணற்றில் குதிக்கவில்லை. 'ஏன்டா வர்றதில்லை' என்று கௌதம் கேட்கவும் இல்லை.

இப்போது அந்தத் தோப்பு வீட்டுமனைகளாகிவிட்டது. கிணற்றை மூடிவிட்டார்கள். மாடி வீட்டையும் இடித்தாகிவிட்டது, வெள்ளைச் சிமெண்டு அடைத்த அந்தச் சுவர் எந்தப் பள்ளத்தை நிரப்பப் போனதோ தெரியாது.

போன மாதம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் கௌதமைப் பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தான், நான் என்ஜினியர் ஆனதை அவனே பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னான், பிறகு மனைவியைக் கூப்பிட்டான். "இவன்தான் மாரிமுத்து. சின்ன வயசுல எங்க ஊட்லயேதான் கெடப்பான். எங்க மாடி பாத்ரூம்ல எங்க பேரோட இவன் பேருக்கும் ஒரு கொக்கி இருந்துச்சுன்னா பார்த்துக்க. நாங்க அப்பவே அப்படித்தான்."

அவன் கண்ணைப் பார்த்தேன். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

"அப்படிங்களாண்ணா?" என்றார் அந்தப் பெண், முகம் மலர.

"ஒரு நாள் இருந்துச்சுங்க" என்றேன்.

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து கௌதம் சத்தமாகச் சிரித்து, என் முதுகில் தட்டி, பந்திக்கு இழுத்துக்கொண்டு போனான்.