துப்பியது கணக்கில் சேராதா?

போன தை மாதம், உறைபனி கொட்டிய ஒரு விடியற்காலையில், நீலகிரியில் எமரால்டு பக்கம் உள்ள என் டீ பேக்டரியில் ஆரம்பித்த கதை இது. 'என்' என்று அழுத்தியே சொல்கிறேன். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன், இன்னொருவர் பேக்டரியில் தூள் கூட்டிப் பெருக்க வந்தவன், இன்று சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறேன். எல்லாம் என் நாக்கு சம்பாதித்தது. ஒரு வாய் உறிஞ்சித் துப்பினால் போதும். இலை முற்றலா, காய வைக்கும்போது சூடு கூடிவிட்டதா என்று சொல்லிவிடுவேன்.

கொஞ்ச நாளாக, இலை வாட்டும் மாடிக்கு ஏறினால் நெஞ்சை இறுக்கியது. இதயத் தசைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் வைத்தியம் என்றார் கோயம்புத்தூர் டாக்டர். முந்தின நாளிலிருந்தே டீ, காபி கூடாதாம். டீக்காரனிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது! ஆனாலும் வைராக்கியமாக இருந்தேன். கிளம்புகிற அன்று பேக்டரியில் எட்டிப் பார்த்து, வரிசையாக வைத்திருந்த கிண்ணங்களை வழக்கம்போல ருசி மட்டும் பார்த்துவிட்டு, மனைவியோடு மலை இறங்கினேன்.

ஊசி போட வந்த பெண், "ஐயா, நேத்துல இருந்து டீ, காபி ஏதாச்சும் குடிச்சீங்களா?" என்றாள்.

"ஒரு சொட்டு உள்ள போகலை அம்மணி" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

பக்கத்தில் நின்ற மனைவிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க, காத்தால பேக்டரில சர்ரு சர்ருன்னு உறிஞ்சுனீங்களே, அது என்னங்க, கசாயமா?"

"அது துப்புனது புள்ள!"

"அத்தனை கிண்ணத்துல தொண்டைக்குள்ள கொஞ்சங்கூட எறங்கலீங்களா?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இன்றைக்கு ஸ்கேன் கிடையாது, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வந்த கோபத்தில் லாட்ஜ் போய்ச் சேரும் வரை அவளோடு நான் பேசவில்லை.

மத்தியானம் டீ இல்லாமல் தலை வெடித்தது. டீ குடிக்கக் கீழே கடைக்குப் போன அவளும் உடனே திரும்பி வந்தாள். "அது டீயாங்க? சாயத்தண்ணி. அப்பெல்லாம் பாட்டில்ல கொண்டாருவீங்களே, அதுக்கு ஒறை போடக் காணாது."

எந்தக் காலத்துப் பேச்சு! கல்யாணமான புதிதில் அவள் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். நான் பேக்டரி டீயை பாட்டிலில் ஊற்றி, கம்பளியில் சுற்றி, மூடுபனிக்குள் அவள் நிற்கும் சரிவைத் தேடிக்கொண்டு போவேன். ஒருநாள் ஒரு வாய் குடித்தவள் துப்பிவிட்டு, "கருகிப்போச்சுங்க" என்றாள். மறுபடி குடித்துப் பார்த்தேன். ஆமாம், அடித்தொண்டையில் மெல்லிய கருகல். டீக்கு இப்படியெல்லாம் ருசி பார்க்கலாம் என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது. அதை எப்படியோ மறந்தே போயிருந்தேன். அந்த லாட்ஜ் அறையில் எங்கள் பேச்சு பொழுது சாயும் வரை ஓயவில்லை.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் போகும் இடமெல்லாம் போய்த் தசையில் ஒட்டிக்கொள்ளும் மருந்தை ஊசியில் ஏற்றி, நெஞ்சைச் சுற்றிக் கேமராவை ஓட்டினார்கள். சும்மா இருக்கும்போது ஒரு தடவை, ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து ஒரு தடவை. படங்கள் உளுந்து வடைகளை அடுக்கியது போல இருந்தன. முதல் வரிசை முழு வடை. இரண்டாவதில் ஓரத்தை யாரோ கடித்தது போல இருந்தது.

"தசை உயிரோடதான் இருக்குங்க. குழாய்லதான் அடைப்பு" என்றார் டாக்டர். "டீயோட எடுத்திருந்தா குழாயை விரிக்கிற மருந்து வேலை செய்யாம, இந்த ரெண்டாவது வரிசையும் முழுசாத் தெரிஞ்சிருக்கலாம். நல்லா இருக்கீங்கன்னு நானே ஊருக்கு அனுப்பியிருப்பேன்."

அந்த வாரமே ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மாடிப்படி ஏறினால் இறுக்கம் இல்லை. பேக்டரியில் முதல் கிண்ணம் அவளுக்குப் போகிறது. அவள் தலையாட்டிய பிறகுதான் நான் ருசி பார்க்கும் கரண்டியை எடுக்கிறேன். என் நாக்கு பேக்டரியைச் சம்பாதித்தது என்று இன்றும் பெருமையாகத்தான் சொல்கிறேன். கூடவே, என் உயிரை மீட்டுக் கொடுத்தது அன்று ஆஸ்பத்திரியில் அடங்காத அவள் நாக்கு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.